தாய்மாமன் அழித்த படம்

எங்கள் வீட்டு விசேஷங்களில் என்னை நம்பிச் செருப்பைக் கொடுப்பார்கள், பையைக் கொடுப்பார்கள். கேமராவை மட்டும் கொடுக்க மாட்டார்கள். நியாயம்தான்.

அக்கா மகள் யாழினிக்கு மூன்று வயதில் வேளாங்கண்ணியில் முதல் மொட்டை. அதற்கு முன் ஜடை பின்னி, பூத் தைத்து, ஆசை தீரப் படம் எடுக்க வேண்டுமென்று பிறந்த முடியை அக்கா பொத்திப் பொத்தி வளர்த்திருந்தாள். கீழ்வேளூரிலிருந்து காலையிலேயே கிளம்பினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே முடி இறக்க வேண்டும்? புது வேட்டியும் முறுக்கு மீசையுமாக நான் தயார். (எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.)

அத்தான் படமாக எடுத்துத் தள்ளினார். கத்தியைப் பார்த்ததும் யாழினி திரும்பி, என் மீசையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். நான் அலறினேன். அதையும் எடுத்துவிட்டார்.

மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசும்போது கேமராவை வாங்கிப் பார்த்தேன். படத்தில் என் உள்நாக்கு வரை தெரிந்தது. பெண் வீட்டார் பார்த்தால் என்ன ஆவது? அந்த ஒன்றை மட்டும் அழிக்கப் போனவன், மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். நிச்சயமா என்று அது கேட்கவும் செய்தது. அவசரத்தில் ஆமாம் என்று அமுக்கினேன்.

கேமராவும் காலி. குழந்தை தலையும் காலி.

அப்போதே சொல்லியிருக்கலாம். கார்டு காலியாக இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று மொட்டைத் தலையை முன்னால், பின்னால், கடலோடு, கடல் இல்லாமல் என்று எடுத்துக் குவித்தேன். "மாமனுக்கு எவ்வளவு பாசம் பாருங்க!" என்று அக்கா பூரித்துப்போனாள்.

வீட்டுக்கு வந்ததும் குட்டு உடைந்தது. "ஜடை எங்கடா? முடியைத் திரும்ப ஒட்டவா முடியும்?" என்று அக்கா அழுதாள். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

மறுநாள் அக்காவோடு தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன். அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடை அது. கடைக்கார அம்மா கார்டைச் செருகிவிட்டுக் கேட்டார்.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுல ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"கொஞ்சம்."

"எத்தனைங்க?"

"நூத்தி நாப்பது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அழிச்சாலும் படம் கார்டுலயேதாங்க இருக்கும். அதுமேல புதுசா எடுத்தாத்தான் போயிடும். நட்ட வயல்ல திரும்ப ஏர் ஓட்டுன மாதிரி பண்ணியிருக்கீங்க. சும்மா இருந்திருந்தா எல்லாமே வந்திருக்கும்."

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

ஒரு மணி நேரம் மென்பொருள் துழாவியது. பாதி ஜடை, சாம்பல் நிறப் பட்டைகள், அத்தானின் கட்டைவிரல். அக்கா முந்தானையைக் கடித்தபடி நின்றாள். கடைசியில் ஒரே ஒரு படம் முழுதாக வந்தது. முதுகு நிறைய ஜடை, ஒவ்வொரு பூவும் தெளிவாக. ஜடைக்கு மேலே என் மீசையும் உள்நாக்கும், அதைவிடத் தெளிவாக.

"இதுதான்! இதுதாங்க!" என்று அக்கா அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்று அந்தப் படம் அக்கா வீட்டு ஹாலில் கதவளவுக்குத் தொங்குகிறது. (என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாளாம்.) அடையாளம் தெரியக் கூடாதென்று மீசையைக்கூட எடுத்துவிட்டேன். பலனில்லை. பத்தாவது படிக்கும் யாழினி, புதிதாக யார் வந்தாலும் படத்தைக் காட்டிவிட்டு என்னிடம் ஓடி வருவாள்.

"மாமா, இது நீங்கதான்னு நம்ப மாட்டேங்கறாங்க. கொஞ்சம் வாயைத் திறங்க."

திறந்து காட்டுகிறேன்.