ஜப்பான்காரர் கொடுத்த கட்டம்

இந்த ஞாயிறு வாலாஜாபாத் போவதில்லை என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். சத்தமாகச் செய்தால் என் மனைவி கமலாட்சிக்குக் கேட்டுவிடும்.

அங்கே என் மைத்துனர் துரைக்கண்ணு வீட்டில் ஒரு பரண் இருக்கிறது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அதை ஒழிப்பவன் நான். போன வருஷம் ஒட்டடையோடு இறங்கியபோது, அவர் வீட்டு நாய்க்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

கடவுளாகப் பார்த்து ஒரு ஜப்பான்காரரை அனுப்பினார். நான் குமாஸ்தாவாக இருக்கும் பட்டுச் சங்கத்துக்குப் புடவை பார்க்க வந்தவர், ஒரு தாளில் புதிர் வரைந்து கொடுத்தார். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஓரங்களில் எண்கள். ஐந்து என்றால் அந்த வரிசையில் சேர்ந்தாற்போல் ஐந்து கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். எந்த ஐந்து என்பதற்குத்தான் மூளை. எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு படம் தெரியும்.

விடையையும் தனித்தாளில் கொடுத்தார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

"கமலா, பத்து மணி பஸ்ஸுக்குள்ள இதைப் போட்டுட்டேன்னா வாலாஜாபாத் கிடையாது. சரியா?"

"தப்பாப் போட்டா?"

"பரண் என்னா, கூரை மேலயே ஏறறேன்."

"சரிங்க" என்றாள், அவரைக்காய் ஆய்ந்துகொண்டே.

இவ்வளவு சுலபத்தில் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

கொல்லைப்புறம் போய் விடையை விரித்தேன். எண்ணே இல்லை. வெறும் கறுப்புக் கட்டங்கள், கரை நெய்ய வரையும் கிராப் தாள் மாதிரி. கிராப்பைக் கீழ்வரிசையிலிருந்து படிக்க வேண்டும் என்று எத்தனை தறிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! சங்கத்து அனுபவம் சும்மாவா? விடையின் கீழ்வரிசையில் தொடங்கி, அதைப் புதிர்த்தாளில் முதல் வரிசையாக வைத்து மளமளவென்று நிரப்பினேன்.

"பாரு! பம்பரம்!"

கமலாட்சி தறிக்காரர் மகள். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"மேல் வரிசைக்கு என்னா போட்டுக்குது?"

"ஒண்ணு."

"நீங்க எத்தினி அடைச்சிருக்கீங்க?"

எண்ணினேன். ஒன்பது.

"இது கோபுரங்க. தலைகீழா நிக்குது. தறிக்குத்தான் கீழேர்ந்து படிப்பாங்க. உங்க ஜப்பான்காரரு தறியா போட்டுக்கினு இருக்காரு?"

"அது... யோசிக்கறப்போ ஒரு சின்னப் பிசகு."

"யோசிச்சிருந்தா ஓரத்துல இருக்கற எண்ணைப் பாத்திருப்பீங்க. காப்பி அடிக்கறவங்களுக்குத்தான் அது கண்ணுல படாது. கெளம்புங்க, பையை எடுங்க."

பையைத் தூக்கினேன். காலையில் காப்பிக்கு முன்பே அவள் கட்டி வைத்திருந்த பை அது. அதன் வாயில் ஒரு புதுத் துடைப்பம் நீட்டிக்கொண்டிருந்தது.