மறுபரிசீலனைக்குப் போன பந்து

மனிதக் கண் தவறு செய்யும் இயல்புடையது என்ற உண்மையைக் குடிநீர் வாரிய அலுவலகம் ஒரு சுற்றறிக்கை மூலம் கண்டுபிடித்தது. ஆகவே அலுவலகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் இனிமேல் கேமரா பார்த்து அவுட் சொல்லும் நவீன முறை அமலுக்கு வரும் என்றும், ஊழியர்கள் இதனால் மகிழ்ச்சி அடைய வேண்டும் என்றும் அதில் இருந்தது. எல்லோரும் மகிழ்ச்சி அடைந்ததாகக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

அதுவரை எங்கள் மைதானத்தில் தீர்ப்புச் சொல்லி வந்தவை இரண்டே கண்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை. மீட்டர் ரீடிங் எடுப்பவர், பட்டப்பெயர் கல்வெட்டு. இருபத்திரண்டு வருஷமாக அம்பயர். விரலைத் தூக்கினால் தூக்கியதுதான். சொந்த மச்சானுக்கே முதல் பந்தில் எல்.பி.டபிள்யூ கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்த வீட்டுக்கே சாப்பிடப் போன மனுஷர். சாப்பாடு கிடைக்கவில்லை. தீர்ப்பும் மாறவில்லை.

இதில் எங்கள் வீட்டுக்கு என்ன அக்கறை என்றால், மாமா. அக்கா வீட்டுக்காரர். குடிநீர் வாரியத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக எழுத்தர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'மேலும் ஆறு மாதம்' என்று ஒரு தாள் வரும். அவருடைய நாற்காலிகூடத் தற்காலிகம்தான். யாராவது பார்க்க வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாமா ஃபைல் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதுவார்.

அந்த வருஷம்தான் அந்த ஆணை வந்தது. இறுதி ஆட்டத்தில் ஐம்பது ஓட்டமோ அதற்கு இணையான சாதனையோ புரியும் தற்காலிக ஊழியர் ஒருவர், விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தரமாக்கப்படுவார். ஒரே ஒரு இடம்.

ஆட்டத்தன்று காலையில் அக்கா வாசலில் நின்று சொன்னாள். "என்னங்க, அம்பது அடிக்காம வீட்டுக்குள்ள வராதீங்க."

"நாப்பத்தொம்பது அடிச்சா?"

"வாசல் வரைக்கும் வாங்க."

எதிரணி பத்திரப்பதிவு அலுவலகம். எங்கள் அணி தோற்பது மத்தியானமே முடிவாகிவிட்டது. அணித்தலைவரான சூப்பிரண்டு பூஜ்யத்தில் அவுட்டாகி, 'கொடுத்த வேலையைச் செய்துவிட்டேன்' என்ற முகத்தோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். மாமா மட்டும் பதினோரு வருஷக் கோபத்தையும் சேர்த்து அடித்தார். கடைசிப் பந்துக்கு முன்னால் அவர் கணக்கு நாற்பத்தொன்பது.

நவீன முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. யாரும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மைதானத்தின் ஓரம் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கில் ஒரு வெள்ளைத் திரை. அணிக்கு ஒரே ஒரு மறுபரிசீலனை என்பதால் இரு தரப்பும் அதைக் கல்யாணப் பட்டுப் போலப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆகவே திரையில் அதுவரை ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் நானூறு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது விக்கெட் விழுந்ததைத் தவறவிட்டால், "அதனால என்ன, மறுபடி போடுவாங்கல்ல" என்பார் பக்கத்திலிருப்பவர்.

கடைசிப் பந்து வந்தது. மட்டையில் பட்டால் 'டொக்' என்று கேட்கும். கால்பேடில் பட்டால் 'பொத்' என்று கேட்கும். கேட்டது 'டொத்'.

மாமா ஓடி ஒரு ஓட்டம் எடுத்துவிட்டார். மட்டை என்றால் ஐம்பது, நிரந்தரம். பேடு என்றால் எல்.பி.டபிள்யூ, வாசல்.

பதினோரு பத்திரப்பதிவு ஊழியர்களும் கல்வெட்டைப் பார்த்துக் கத்தினார்கள். கல்வெட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுபரிசீலனை கோரும் விண்ணப்பம் நான்கு பக்கம். பதினைந்து விநாடிக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். 'பந்தின் நிரந்தர முகவரி', 'தற்போதைய முகவரி' எல்லாம் உண்டு. எங்கள் சூப்பிரண்டாக இருந்தால் முதல் பக்கத்துக்கே மருத்துவ விடுப்பில் போயிருப்பார். ஆனால் எதிரணித் தலைவருக்குப் பட்டப்பெயரே முத்திரை. சட்டைப் பையிலேயே மைப்பெட்டி வைத்திருக்கும் ஆள். பதினோரு விநாடியில் மூன்று பிரதி, சீல் உட்பட.

மூன்றாவது அம்பயராக இருப்பவர் தகுந்த பதவியில் இருக்க வேண்டும் என்பது விதி. கிரிக்கெட் தெரிந்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே பெரிய ஆபீசர். அவர் தம்முடைய ஏ.சி. அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசினார். தும்மல் வரப்போகும் ஆள் அதை நாளைக்கு ஒத்திவைத்ததுபோல ஒரு குரல்.

"இப்ப நான் என்ன பாக்கணும்?"

"பந்து மட்டையில பட்டுச்சா, கால்ல பட்டுச்சான்னு பாக்கணும் சார்," என்றார் சூப்பிரண்டு, ஒலிபெருக்கிக்கு வணக்கம் வைத்தபடி.

"கால்ல பட்டா வலிச்சிருக்குமே. அந்த ஆளையே கேளுங்களேன்."

"அவர் சம்பந்தப்பட்டவர் சார். அவர் வலி செல்லாது."

"சரி, போடுங்க."

திரை ஒளிர்ந்தது. நானூறு பேரும் மூச்சைப் பிடித்தோம்.

திரையில் ஒரு கார் தெரிந்தது.

வெள்ளைக் கார். பெரிய ஆபீசருடையது. அதற்குள் அவருடைய டிரைவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். போன மாதம் அந்தக் காரில் யாரோ கீறல் போட்டுவிட்டதால், மைதானத்தைப் பார்த்திருந்த கேமரா 'அவசர நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' கார் ஷெட் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. திருப்பியதற்குக் கோப்பு இருந்தது. திருப்பி வைப்பதற்குக் கோப்பு இல்லை.

"மெதுவா போடுங்க," என்றார் ஆபீசர்.

கார் மெதுவாக நின்றது.

"பெருசு பண்ணுங்க."

பெரிய கார் நின்றது. பானெட்டில் கறுப்பாக ஏதோ வந்து விழுந்தது. "அதான் பந்து! அதான் பந்து!" என்று குதித்தார் முத்திரை. அது ஒரு தடவை கரைந்துவிட்டுப் பறந்து போனது.

"சரி, கண்ணால பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று ஒலிபெருக்கி கேட்டது. விசாரணை தொடங்கியது.

"கல்வெட்டு, நீங்க என்ன தீர்ப்பு குடுத்தீங்க?"

"கண்ணாடி தொடைச்சிட்டிருந்தேன் சார். இருவத்திரண்டு வருஷமா தூசியோடதான் பாத்தேன். இன்னிக்குத்தான் மெஷின் இருக்கேன்னு..."

"பௌலர்?"

"போட்ட உடனே கத்துறதுக்குத் திரும்பிட்டேன் சார்."

"கீப்பர்?"

கீப்பர் பந்து வரும் முன்பே காற்றில் கட்டம் வரைந்து ரிவ்யூ கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மாமாவைக் கேட்டார்கள். "கண்ணை மூடிட்டேன் சார். குடும்பத்தை நெனச்சிட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். "நீயாவது பாத்தியா?"

"ஸ்க்ரீன்ல நம்ம முகம் வருமான்னு பாத்துட்டிருந்தேன்டா. நீ பாத்தியா?"

நான் அந்தச் சமயத்தில் நானூறு பேருக்கு முதுகு காட்டி நின்று, கல்வெட்டு கண்ணாடி துடைப்பதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நடிப்பு பிரமாதம் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு பேரும் பந்தைப் பார்க்கவில்லை.

மாமா ஓடிப்போய் மட்டையைக் கேமரா இருக்கும் திசை என்று நினைத்து ஒலிபெருக்கிக்குக் காட்டினார். "சார், பாருங்க, இங்க சிவப்பா தடம் இருக்கு!"

"தடத்துல தேதி இருக்கா?"

"இல்லையே சார்."

"தேதி இல்லாம எதையும் ஏத்துக்க முடியாது. தீர்ப்பு நிலுவை."

மூன்று வாரம் மாமா வாசல் வரைக்கும்தான் வந்தார். அக்கா சொன்ன சொல் மாறாதவள். தட்டை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நாலாவது வாரம் ஆணை வந்தது. அலுவலகத்தில் இரண்டு அணியையும் வீட்டாரையும் கூட்டி வைத்து, பெரிய ஆபீசரே படித்தார்.

"மேற்படி பந்து பதிவுகளில் காணப்படாததால், அது வீசப்பட்டதாகக் கருத இயலவில்லை. எனவே எழுத்தர் அவுட்டும் ஆகவில்லை; ஐம்பதும் எடுக்கவில்லை. நாற்பத்தொன்பதில் தற்காலிகமாகத் தொடர்கிறார்."

மாமா ஃபைல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனினும், ஒதுக்கப்பட்ட ஓர் இடம் வீணாவது நிர்வாகத்துக்கு அழகல்ல. கேமராப் பதிவை முழுமையாக ஆராய்ந்ததில், ஆட்டம் தொடங்கியது முதல் முடியும் வரை ஐந்து மணி நேரம் பத்து நிமிடம், ஒருமுறைகூட ஆட்டமிழக்காமல் நிலைத்து நின்ற ஒரே தற்காலிக ஊழியர் வாகன ஓட்டுநர்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. இது ஐம்பது ஓட்டத்துக்கு இணையான சாதனை எனக் கருதி, அவரை நிரந்தரமாக்கி ஆணையிடப்படுகிறது."

டிரைவர் சூப்பிரண்டின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, நான் எப்பண்ணே ஆடுனேன்?"

"ரெக்கார்டுல இருக்குய்யா. சும்மா இரு, கெடுத்துக்காத."

கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டியவர்கள் யாரும் கிண்டலுக்குத் தட்டவில்லை. பதிவில் எல்லோருமே பார்த்ததுதானே? முத்திரை வந்து டிரைவரின் கையைக் குலுக்கி, "காக்கா வந்து உக்காந்தப்பகூட அசையலையே, என்ன நிதானம்!" என்றார். கல்வெட்டுகூடத் தலையாட்டினார். நானும் தட்டினேன். மாமா ஃபைல் கட்டிலிருந்து எழுந்து நின்று தட்டினார்.

அக்கா மட்டும் தட்டவில்லை. மாமாவின் காதில் சொன்னாள்: "என்னங்க, அடுத்த வருஷம் இந்த ஓடுற வேலையெல்லாம் வேண்டாம்."

அடுத்த வருஷம் இறுதி ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. மைதானத்தில் கல்வெட்டு மட்டும், துடைத்த கண்ணாடியோடு, ஸ்டம்புக்குப் பின்னால் நின்றிருந்தார். இரண்டு அணியின் இருபத்திரண்டு பேரும் கார் ஷெட்டில், கேமராவுக்கு நேரே, தோளோடு தோள் உரச நின்றார்கள். மாமா முதல் வரிசை. அக்கா விடியற்காலையிலேயே போய்த் துண்டு விரித்து இடம் பிடித்திருந்தாள். பார்வையாளர்களும் சளைத்தவர்களா? அந்த நானூறு பேரில் தற்காலிக ஊழியர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள், அவர்களும் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஓரத்தில் ஓர் அடி இடம் காலியாக இருக்கிறதே என்று நானும் நின்றேன்.

"ப்ளே!" என்று தூரத்தில் கல்வெட்டின் குரல் கேட்டது.

யாரும் அசையவில்லை. அசைந்தால் அவுட்.