கோப்பையில் உட்கார்ந்த பொறிவண்டு

ஒரே ஒரு தடவையாவது மனைவி ரோசினாவிடம் மாட்டாமல் தப்பித்துவிடுவது என்று கோட்லீப் முடிவு செய்தான்.

காரணம், பிளம் கேக். அவளுக்குத் தெரியாமல் ஒரு துண்டு எடுக்கப் போய், முழங்கை பட்டு, அவளுடைய கல்யாணச் சீர்க் கோப்பை ஆறில் ஒன்றின் விளிம்பில் பார்லி அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. கோப்பையைச் சேதம் பண்ணியவர்கள் சனிக்கிழமை பீர்க்கடைக்குப் போகக் கூடாது. இது வீட்டுச் சட்டம். இயற்றியது ரோசினா.

கோட்லீப் சும்மா ஆளா? எல்பா ஆற்றங்கரைப் பீங்கான் ஆலையில் பூ வரைகிறவன். சூளையிலிருந்து வரும் தட்டில் புள்ளியோ குழியோ இருந்தால், அதன் மேல் ஒரு பூச்சியை வரைந்து மறைப்பது அங்கே அன்றாட வேலை. மாளிகை விருந்தில் ஈயை ரசிக்கிறவர்கள் ஈக்கு அடியில் என்ன என்று கேட்பதில்லை. சில்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். கோப்பையில் பொறிவண்டு வரைந்து, சுட்டு எடுத்து, அலமாரியில் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரோசினா அதை ஜன்னலோரம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல வண்டு இருந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சே."

"நான்தானே கழுவுறேன்."

"கழுவுறவ கண்ணுக்கு அழுக்குதான் தெரியும்."

"அது சரி. எப்ப பறக்குமோன்னு இருக்கு. மத்த அஞ்சும்தான் மொட்டையா நிக்குது. அதுங்களுக்கும் ஆளுக்கொண்ணு வரைஞ்சு குடுங்களேன்."

தப்பித்த சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வரையட்டும், சொல்லு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தொட்டுக் காட்டினாள். "இதுல இங்க. இதுல கைப்பிடிக்குக் கீழ. இதுல அடிப்பக்கம்..."

ஆலையில் தூரிகையை வைத்தபோதுதான் விரல் நுனியில் நறநறவென்றது. அடுத்ததைத் தடவினான். அதற்கடுத்ததையும். அவள் காட்டிய இடமெல்லாம் சில்லு பெயர்ந்திருந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? இவன் வாயைத் திறந்தால், பொறிவண்டுக்கு அடியில் என்ன என்று அவள் கேட்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேனீ, தும்பி, எறும்பு என்று வரைந்து தீர்த்தான்.

ரோசினா ஆறையும் வரிசையாக அடுக்கி அழகு பார்த்தாள்.

"பூச்சு பிரமாதங்க. ஆனா எனக்கே பூச்சி காட்டக் கூடாது. அன்னைக்கே உங்க கோட்டைத் தட்டுறப்ப பையில ஒரு சில்லு கெடச்சுது. என்னோட அஞ்சு சில்லோட சேத்து டப்பாவுல போட்டுட்டேன்."

"உன்னோட அஞ்சா? அப்ப சட்டம்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நானும்தான் கல்யாணமானதுலேர்ந்து பீர்க்கடைக்குப் போகல."