வாழைமரம் கண்டால் விடாத சறுக்கண்ணன்

காரைக்குடியில் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஊரில் கட்டிய வாழைமரம் அத்தனைக்கும் நடுவே புகுந்து வந்தவர் என்று பார்த்தால் சறுக்கண்ணன் ஒருவர்தான். அழைப்பில்லாமல் அவர் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டைச் சேர்த்தால் தைப்பூசத்துக்கு அன்னதானமே போட்டுவிடலாம்.

ஆள் இத்தாலிக்காரர். எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். நீளப் பலகை இரண்டைக் காலில் மாட்டிக்கொண்டு, பனிமலை உச்சியிலிருந்து கீழே சறுக்கி வரும் பந்தயத்தில் அவர்கள் நாட்டுக்காகவே ஓடியவராம். முட்டி போன பிறகு, பனியும் மேடும் இல்லாத ஊராகத் தேடி இங்கே வந்து சேர்ந்தார்.

என் வீட்டுக்காரிக்கு அந்த உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை.

"அம்புட்டு ஒசரம் எப்புடிண்ணே ஏறுவீக?"

"ஏற மாட்டோம், தங்கச்சி. கம்பியில தொங்குற நாற்காலி கொண்டுபோய் விடும். எறங்குறதுதான் வேலை."

"இதுக்குச் சம்பளமும் குடுத்தாகளா?"

"குடுத்தாங்க. முட்டியில ஆணியும் குடுத்தாங்க."

பந்தயத்தில் வழிநெடுக இரண்டிரண்டு கம்பாக நட்டிருப்பார்களாம். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே புகுந்து வரவேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் ஆட்டம் செல்லாது. அண்ணன் கடைசிப் பந்தயத்தில் எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் கீழே வந்து கையைத் தூக்கியிருக்கிறார். மேலே ஒரு ஜோடியை விட்டுவிட்டதாகச் சொல்லி, பேரையே அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து, எங்கே இரண்டு கம்பு நின்றாலும் அவரால் தாண்டிப் போக முடியாது.

போலீஸ்காரர்கள் ரோட்டில் குறுக்கும் மறுக்குமாக வைக்கும் தடுப்பு என்றால் உயிர். சைக்கிளில் வளைந்து வளைந்து போவார். போனவர் திரும்பி வந்து மறுபடியும் போவார். ஒரு ஏட்டய்யா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, நீங்க ஊருக்குப் போறீகளா, இங்கனயே குடியிருக்கப் போறீகளா?"

அமராவதிபுதூரில் ஒரு துக்க வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்து கைகட்டி உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் கோபப்படவில்லை. "எங்க ஐயாவுக்கு வெளிநாடு வரைக்கும் பழக்கம்" என்று பதினாறாம் நாள் வரை பெருமை பேசினார்கள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே நான் பார்த்தது, என் மகள் கல்யாணம் வரைதான்.

பிள்ளையார்பட்டியில் வேண்டாத நாளில்லை. பல இடம் தட்டிப்போய்க் கடைசியில் கீழச்சிவல்பட்டியில் அமைந்த சம்பந்தம். மாப்பிள்ளை தங்கம். அவருடைய அம்மாவோ, முறையில் ஒரு சுண்டு விரல் அளவு குறைந்தாலும் எழுந்து போய்விடுகிறவர். முதல் நாளே அண்ணனிடம் கும்பிட்டுச் சொன்னேன்: "மண்டப வாசல்ல மாப்பிள்ளைதான் முதல்ல நுழையணும். அதுவரைக்கும் ஓரமா நில்லுங்க."

"நிக்கிறேன், தம்பி" என்றார். நிற்கத்தான் செய்தார், பாவம். மாப்பிள்ளை கார் வந்து நின்றது. நாகசுரமும் மேளமும் ஒரே நேரத்தில் எழும்பின. மனுஷன் முட்டியை மடக்கினார், முன்னால் குனிந்தார். நாற்காலிகளை இடம் வலமாக ஒதுக்கிக்கொண்டு வாழைமரங்களுக்கு நடுவே போய் நின்றார். ஆலத்தித் தட்டு வைத்திருந்த என் கொழுந்தியாள் வீடியோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே அவருக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள்.

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை.

"ஆலத்தி எடுத்தாச்சுல்ல? அந்த மாப்பிள்ளைக்கே பொண்ணைக் குடுங்க. டிரைவர், வண்டியத் திருப்புப்பா."

உள்ளே என் மகள் மாலையோடு நிற்கிறாள். சறுக்கண்ணன்தான் கார் அருகே போனார்.

"அம்மா, தப்பு என்னோடது. பந்தயத்துல கம்பை விட்டா, திரும்ப மேல ஏறி வந்து நுழையலாம். அப்ப செல்லும். அன்னைக்கு நான் ஏறல. கீழ போற ஆசை. அதான் எல்லாம் போச்சு. நீங்க போயிராதீங்க. மொதல்லேருந்து வாங்க."

"எங்குட்டு ஏறுறது?"

அவர் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலைக் காட்டினார். அந்த அம்மா பிள்ளையாரைப் பார்த்தார், பொட்டு வைத்த வெள்ளைக்கார நெற்றியைப் பார்த்தார். வாயோரம் லேசாக அசைந்தது.

"பிள்ளையார்ட்ட போயிட்டு வாறதுல குத்தமில்ல. திருப்பு. தேங்காய் புதுசா ஒடைக்கணும், சொல்லிட்டேன்."

மறுபடி மேளம், மறுபடி ஆலத்தி. கூட்டம் முழுக்க வாழைமரத்துக்கு நடுவே உள்ளே போனது. அண்ணன் மட்டும் வெளியே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆணி அடித்த அந்த முட்டி தானாக மடங்க மடங்க, நிமிர்த்திக்கொண்டே இருந்தார்.

"இனி வாங்கண்ணே."

"வேணாம், தம்பி. நான் நுழைஞ்சா அந்தம்மா மறுபடி பிள்ளையார் கோயிலுக்குப் போகும். தாலி ஏறட்டும்."

கெட்டிமேளம் கேட்கும் வரை வெயிலிலேயே நின்றார்.

போன வருஷம் அவருடைய தங்கை வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். பிள்ளையார்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அவர் பேருக்கும் ஓர் அர்ச்சனை வைக்கிறேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்பார். அவருடையது தெரியாது, என்னுடையதையே சொல்லிவிடுகிறேன்.