அப்பா கேட்ட மானிட்டர்

“நேத்தும் வந்தாரு,” என்றாள் அம்மா, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு.

தெய்க் ஹோங் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பித்தப்பையில் கல். வியாழக்கிழமை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். இறந்துபோன அப்பா அம்மாவின் கனவில் வருவதில் அந்த வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவதுதான் சிக்கல்.

“என்னவாம் மா?”

“கல்லறையில நீ எரிச்சு அனுப்பின காகிதக் கம்ப்யூட்டர்ல திரை மங்கலா இருக்காம். கார் ரேஸ் ஓட்டினா ரோடு எது, சாக்கடை எதுன்னு தெரியலையாம்.”

“ஆபரேஷன் முடியட்டும், பார்க்கலாம்.”

“அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறப்ப உன் வயித்துல கத்தி வைக்க விடுவேனா? முதல்ல அவரு சிரிக்கட்டும்.”

மனைவி சூ பின் கார் சாவியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஜார்ஜ் டவுனில் பூன் லாயின் கடையில் இறந்தவர்களுக்கு எரித்து அனுப்ப எல்லாமே காகிதத்தில் கிடைக்கும். காகித மாளிகை, காகித பென்ஸ், காகிதப் பல்செட். மானிட்டரும் இருந்தது.

“இதுல எத்தனை பிக்சல்?” என்று கேட்டான் ஹோங்.

“பாஸ், இது அட்டை.”

“அப்பாவுக்கு ஃபோர்-கே வேணும்.”

பூன் லாய் தங்க நிறப் பேனாவை எடுத்து, திரையின் மூலையில் ‘4K’ என்று எழுதினான்.

“அவ்வளவுதானா?”

“நெருப்புல போறப்ப அதுவா சரியாயிடும்லா.”

எரித்தார்கள். மறுநாள் காலையில் அம்மாவின் முகம் பாதிதான் தெளிந்திருந்தது.

“படம் கண்ணாடி மாதிரி இருக்காம். ரேஸுக்குப் பிரமாதம். ஆனா எழுத்தெல்லாம் எறும்பு சைஸாம். பேப்பர் படிக்க முடியலைன்னு ஒரே திட்டு.”

ஹோங்குக்கு அது நியாயமாகவே பட்டது. சின்னத் திரையில் அத்தனை புள்ளிகளை அடைத்தால் எழுத்து சுருங்கத்தான் செய்யும். ஆட்டத்துக்கும் அன்றாட வாசிப்புக்கும் சேர்த்து வாங்கும்போது அளவையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது தன் தப்புதான். பூன் லாயிடம் சொல்லிப் பெரிய திரையாகச் செய்து வாங்கி, அதையும் எரித்தான்.

“இப்ப எழுத்து தெரியுதாம்,” என்றாள் அம்மா. “ஆனா கார் விக்கி விக்கி ஓடுதாம்.”

“கார்டு தாங்கலை,” என்றான் ஹோங், பல்லைக் கடித்துக்கொண்டு. வலி முதுகுவரை போயிருந்தது. “அந்தத் திரைக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேணும் மா. எனக்கு முன்னாடியே தோணிச்சு.”

“தோணினா அனுப்ப வேண்டியதுதானே? பெத்த அப்பனுக்குக் கஞ்சத்தனமா?”

வியாழக்கிழமை கடந்துபோனது. ஆஸ்பத்திரிப் பெண் தொலைபேசியில் காரணம் கேட்டாள். “குடும்பத்துல ஒரு பெரியவருக்கு கம்ப்யூட்டர் பிரச்சினை,” என்றான். “அது சரியானதும் வாங்க,” என்று அவள் வைத்துவிட்டாள்.

பூன் லாய் பிஸ்கட் அட்டையில் கிராஃபிக்ஸ் கார்டு செய்தான். மூன்று விசிறிகள் வைத்தான். “இது சுத்தும் பாஸ், அங்க போய்ச் சுத்தும்.”

அதுவும் போனது. சாம்பல் ஆறும்வரை ஹோங் அதன் எதிரிலேயே நின்றிருந்தான். உயிரோடு இருந்தபோது அப்பா எதையும் இவ்வளவு விளக்கமாகக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

“எல்லாம் சரியாம்,” என்றாள் அம்மா மறுநாள். “ஆனா சிரிக்கலை. தனியா ஆடினா போரடிக்குதாம்.”

சூ பின் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். “இவரை அந்த விலா வலியோட இன்னும் எத்தனை நாள் வச்சிருக்கப்போறீங்க மா?”

“நானா வச்சிருக்கேன்? உன் மாமனாரைக் கேளு.”

இந்த முறை கடையில் ஹோங்கே வழி சொன்னான். “கேம் ஆடற கைப்பிடி இன்னொண்ணு செஞ்சு கொடு பூன் லாய். பக்கத்துக் கல்லறைக் குவான் மாமா வந்து ஜோடி சேர்ந்துக்கட்டும்.”

அடுத்த நாள் அம்மா வெயில் ஏறியபிறகுதான் எழுந்தாள். “சிரிச்சாருடா! பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாரு! கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

தள்ளுவண்டியில் பச்சை அங்கியோடு படுத்திருந்தவனுக்கு வலியைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது. மயக்க ஊசி ஏறத் தொடங்கியது. சூ பின் அவன் காலைத் தொட்டாள். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது.

“குவான் மாமா நல்லா ஆடுறாராமா மா?” என்று கேட்டான் அவன், நாக்குக் குழற.

அம்மா அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

“அவரு வந்து அந்தக் கைப்பிடியைக் கேட்டாராம், அப்பா தரலையாம். ‘அது ஹோங்குக்கு. இன்னிக்கு வந்துடுவான்’னு எடுத்து வச்சிருக்காராம்.”