மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இரண்டாயிரத்து முந்நூறு நண்பர்கள்

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது, அந்த லிஃப்டை ரிப்பேர் செய்ய வந்த மெக்கானிக்.

முதல் நிமிடம் சிரித்தான். இரண்டாவது நிமிடம் பொத்தான்களை எல்லாம் மாற்றி மாற்றி அழுத்தினான். மூன்றாவது நிமிடம், வாடிக்கையாளர்கள் இப்படி அழுத்தினால் தான் எப்படித் திட்டுவான் என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டான்.

அபாய மணி அடிக்காது. வீடியோ எடுக்கும்போது நடுவில் கத்தித் தொலைக்கும் என்று அதன் ஒயரைக் காலையில் அவனே பிடுங்கிப் போட்டிருந்தான். உள்கதவை இழுத்தால் எதிரே சிமெண்ட் சுவர். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். படிக்கட்டில் யாரோ நின்றார்கள். "உள்ள வேலை நடக்குதுப்பா, வா" என்று துணைக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். 'வேலை நடக்கிறது, படியில் செல்லவும்' என்று மாடிக்கு மாடி பலகை மாட்டியவனும் அவன்தான்.

இப்படி நின்ற லிஃப்டை நகர்த்த ஒரே வழி உண்டு. ஒன்பதாம் மாடிக்கு மேலே உள்ள மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேரை அனுப்புவார்கள். ஒருவன் உள்ளே, ஒருவன் மேலே. இன்றைய பதிவேட்டிலும் இரண்டு கையெழுத்து இருந்தது. இரண்டையும் போட்டது அவனே.

இரண்டாவது கையெழுத்துக்குச் சொந்தக்காரன் ஸ்பேனர். பதினெட்டு வருடக் கூட்டாளி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவன் மேலிருந்து "விடலாமா" என்று கத்த, மற்றவன் கீழிருந்து "விடுடா" என்று கத்த, குரலை நம்பியே லிஃப்டை ஏற்றி இறக்கியவர்கள். கையில் நல்ல போன் வந்ததும் இருவருக்கும் ஒரே சமயத்தில் அறிவும் வந்தது. எதற்கு இரண்டு பேர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்? நீ ஒரு கட்டடம், நான் ஒரு கட்டடம், கையெழுத்தை மட்டும் ஜோடியாகப் போட்டுக்கொள்வோம். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. மிச்ச நேரத்தில் ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பிக்கொண்டார்கள். நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு காலை வணக்கமும் தவறியதில்லை.

நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் வருவார். அதற்குள் மெக்கானிக் வெளியே வரவில்லையென்றால் இரண்டு பேர் வேலையும் காலி. ஆகவே அலுவலகத்தைக் கூப்பிட முடியாது. மணி இரண்டேகால்.

இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் இல்லை. நான்காம் மாடி அலுவலகத்தின் வைஃபை மட்டும் கசிந்து வந்தது. அதன் பாஸ்வேர்டை வந்த முதல் நாளே கெஞ்சி வாங்கி வைத்திருந்தான்.

'டேய், ஒன்பது மாடி பில்டிங்ல மாட்டிக்கிட்டேன். உடனே வா' என்று ஸ்பேனருக்கு அனுப்பினான்.

ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலமாயின. பார்த்துவிட்டான்.

பதில் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து அழுகிற முகம் மூன்று அனுப்பினான். அது நீலமாகவே இல்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ்வளவு ஆயிடுச்சா உனக்கு" என்றான் மெக்கானிக், போனைப் பார்த்து.

வைஃபையிலேயே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவன் கூப்பிடவில்லை. பார்த்துவிட்டுப் பதில் போடாதவனை வலியக் கூப்பிடுவது மானக்கேடு என்று இப்போதெல்லாம் ஒரு சட்டம் இருக்கிறது. யார் போட்டது என்று தெரியாது. எல்லாரும் மதிக்கிறார்கள்.

அதற்குப் பதிலாக, கூடப் படித்தவர்களின் குழுவில் எழுதினான். குழுவின் பெயர் 'உயிர்த்தோழர்கள்'. நாற்பத்தொரு உயிர்கள். 'லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மூச்சு முட்டுது. பக்கத்துல யாராவது இருந்தா வாங்கடா.'

உடனே நான்கு கட்டைவிரல்கள் எழுந்தன. ஒருவன் விழுந்து விழுந்து சிரிக்கும் முகம் போட்டான். ஒருவன் அது எந்தக் கம்பெனி லிஃப்ட், வீட்டுக்கு ஒன்று போட எவ்வளவு ஆகும் என்று கேட்டான். ஒருவன் வெந்நீர் குடித்தால் மூச்சு முட்டாது என்று ஒரு நீண்ட குறிப்பை அனுப்பினான். அடுத்தவன் செய்தியின் நடுவில் இருந்த இரண்டு வார்த்தையை மட்டும் படித்துவிட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்றான்.

அவ்வளவுதான். அந்தக் குழுவில் முந்தினவன் என்ன போடுகிறானோ அதையேதான் பிந்தினவன் போடுவான். பதினான்கு ஆழ்ந்த இரங்கல்கள் வரிசையாக இறங்கின.

'டேய், நான் சாகலடா' என்று எழுதினான் மெக்கானிக்.

'உன் நினைவுகள் என்றும் சாகாது நண்பா' என்று ஒருவன் பதில் போட்டான். குழுவின் நிர்வாகி மெக்கானிக்கின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி முகப்பில் வைத்தான். யாரோ அதை அவன் மனைவிக்கும் அனுப்பியிருக்க வேண்டும். அவள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"ஏங்க, நீங்க போயிட்டீங்கன்னு போட்டிருக்காங்க."

"நான்தானே பேசறேன்."

"அதைத்தான் கேக்கறேன். எங்க இருக்கீங்க?"

சொன்னான்.

"ஆபீசுக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லிடு. அப்படியே நாளையிலேர்ந்து நானும் அவனும் உங்க அண்ணன் கடையில உக்காந்துக்கறோம்."

"அப்ப ஸ்பேனர் அண்ணனைக் கூப்பிடுங்க."

"பாத்துட்டான். பதில் போடல."

"கூப்பிடுங்கன்னு சொன்னேன்."

"நாங்க கூப்பிட்டுக்கறது இல்ல. மெசேஜ்தான்."

"பதினெட்டு வருஷமா பழகிட்டு, கூப்பிடக்கூட மாட்டீங்களா?"

"திடீர்னு கூப்பிட்டா ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துடுவான்."

"ஏதோ ஆகித்தானே உள்ள நிக்கறீங்க?"

"இது எங்களுக்குள்ள இருக்கற விஷயம். உனக்குப் புரியாது."

"எனக்கு நல்லாப் புரியுது. உள்ளயே இருங்க" என்று வைத்துவிட்டாள். அவள் ஊரின் அந்தக் கோடியில், தையல் கடையில் இருந்தாள். கிளம்பினாலும் நான்கு மணிக்குள் வந்து சேர முடியாது.

மணி மூன்று. மெக்கானிக் தரையில் உட்கார்ந்தான். அவனுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. பெயர் 'மேலே கீழே மன்னன்'. லிஃப்ட் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு அவன் தத்துவம் சொல்லும் வீடியோக்களுக்கு இரண்டாயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள். அவர்களிடம் நியாயம் கேட்பது என்று முடிவு செய்தான்.

'பதினெட்டு வருட நட்பின் விலை இரண்டு நீல டிக்' என்று தொடங்கினான். கை சூடாகிவிட்டது. ஆள் பெயர் போடாமல் எல்லாவற்றையும் எழுதினான். கூட்டாளி வேலைக்குச் சேர்ந்த அன்று உயரத்தைப் பார்த்து வாந்தி எடுத்தது. மாடிப்படி ஏறச் சொன்னால் முட்டி வலி என்று முனகுவது. முட்டியை ஆபரேஷன் செய்து படுத்திருந்தபோது தான் போய்ப் பத்து நாள் பார்த்துக்கொண்டது. கடைசியில், 'இன்றுகூட அவன் கையெழுத்தை நான்தான் போட்டேன், அவனுக்காக நான் உயிருக்குப் போராடுகிறேன்' என்று முடித்துப் பதிவிட்டான்.

போட்ட பிறகுதான் கையெழுத்து விஷயத்தை ஊரறிய எழுதிவிட்டது உறைத்தது. அழிக்கலாம் என்று விரலை வைத்தபோது அறுபது லைக் ஆகியிருந்தது. அதில் ஒன்று மேற்பார்வையாளர் போட்டது. அவர் எதையும் படிக்காமல் லைக் போடும் ரகம் என்பதால் மெக்கானிக் நிம்மதியானான். பதிவை அழிக்கவில்லை. அறுபது நூற்றிருபதானது.

'கண்ணீர் வந்துவிட்டது சகோ.'

'எனக்கும் இப்படி ஒரு துரோகி இருக்கிறான்.'

'நீங்கள் லிஃப்டில் இல்லை, எங்கள் இதயத்தில் இருக்கிறீர்கள்.'

அவன் ஒவ்வொருவருக்கும் ஒரு இதயம் போட்டான். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டிருப்பது ஏறக்குறைய மறந்தே போயிற்று. முந்நூறு லைக் தாண்டியபோது நேரலையே போட்டுவிட்டான்.

"நண்பர்களே, காத்து கம்மியாகுது. ஆனா உங்க அன்பு இருக்கு" என்றான், தொண்டையைக் கம்மவைத்து.

அப்போது லிஃப்ட் லேசாகக் குலுங்கியது. ஒரு அங்குலம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அது என்னவென்று தூக்கத்தில்கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா, ஆடுது" என்றான் போனிடம். "கயிறு தாங்குமான்னு தெரியல."

இதயங்கள் கொட்டின. இதுவரை அவன் பக்கத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் இருந்ததில்லை. ஆட்டம் நின்றதைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஒருவன் எழுதியிருந்தான்: 'யார் சார் அந்த நன்றிகெட்டவன்? பேரைப் போடுங்க. அவனும் படிக்கட்டும்.'

நியாயமான கோரிக்கை. மெக்கானிக் பதிவைத் திறந்து, நன்றிகெட்டவன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஸ்பேனரின் கணக்கை டேக் செய்தான். கூடவே அவன் படத்தையும் போட்டான். போட்டதும் நெஞ்சு லேசானது.

சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபோது மணி நான்காகப் பத்து நிமிடம். திரை இருண்டதும்தான் வேலை போகப்போவது மறுபடி நினைவுக்கு வந்தது. ஸ்பேனரை இன்னும் நன்றாகத் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

வெளிக்கதவு திறந்தது.

மூன்றாம் மாடி வராந்தா. கண்ணுக்கு நேரே, மேலும் இல்லை கீழும் இல்லை, தரையோடு தரையாக. துடைப்பக் கட்டையோடு பெருக்கும் அம்மாள் நின்றிருந்தாள்.

"எப்படிக்கா திறந்தீங்க?"

"தள்ளினேன். தள்ளினா திறக்கற கதவுதானே தம்பி."

அவன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். மேற்பார்வையாளர் இன்னும் வரவில்லை. வேலை தப்பியது. தப்பியதும் தன் மேல் ஒரு பெரிய இரக்கம் வந்தது.

"ரெண்டாயிரத்து முந்நூறு பேரு அக்கா. ஒருத்தன் வரல. கூடவே இருந்தவன், அவன்கூட எட்டிப் பாக்கல. மனுஷங்கன்னா இவ்வளவுதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அம்மாள் வாளியைக் காலால் நகர்த்தினாள்.

"ஒருத்தர் வந்தாரே தம்பி. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒன்பது மாடி ஏறிப் போய் சக்கரத்தைச் சுத்திட்டு வந்தாரு. இந்தக் கதவுல கை வைக்கறப்ப அவர் போன்ல டிங்குன்னு ஏதோ வந்துச்சு, எடுத்து முழுசாப் படிச்சாரு, 'நான் போனப்பறம் தொறந்து விடுங்கம்மா'ன்னு சொல்லிட்டு மெதுவா இறங்கிப் போயிட்டாரு."