ராக்கம்மாளைக் கிணற்றில் தள்ளியவர்

கூட்டம் போட்டுச் சட்டத்தை மாற்றக் கிளம்புகிற ஊரிலெல்லாம் அழவைக்கும் பேச்சாளர் ஒருவர் முளைத்துவிடுவார். உங்களுக்கும் தெரிந்தவர்தான். துண்டை உதறுவார், சோடாவை ஒரு மடக்குக் குடிப்பார், "இதைச் சொல்ல என் நாக்குக் கூசுது" என்பார். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு நாக்குக் கூசாது.

எங்கள் பேச்சிமுத்து அந்த ரகம். குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும், பிறந்த குலத்துக்காகவே ஆண்களைக் கைரேகை வைக்கச் சொல்லி, ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் படுக்க வைத்த ரேகைச் சட்டம் ஒழிய வேண்டும் என்று அவர் ஊர் ஊராக அலைந்தது நிஜம். மயிலாடும்பாறை ஒச்சாண்டி தாலி கட்டிய அன்றே ஸ்டேஷனில் போய்ப் படுத்ததும் நிஜம். ஆனால் பேச்சிமுத்துவுக்கு நிஜம் போதுமா? தேனிக் கூட்டத்தில் மாப்பிள்ளையைப் பந்தியிலிருந்து எழுப்பினார். போடியில் மணவறையிலிருந்தே இழுத்தார். கம்பத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தாததைக் கண்டு, மணப்பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிட்டார். சிந்தினார்கள். அதற்குப் பிறகு அவளைக் கரையேற்ற அவருக்கு மனம் வரவில்லை.

சட்டசபை மெம்பர் ஒருவர் குறை கேட்க வந்தார். அவர் நம்பினால் சபையில் பேசுவார். நம்பாவிட்டால் ஒச்சாண்டிக்கு ஆயுசுக்கும் ஸ்டேஷன் தரைதான். கூட்டம் மயிலாடும்பாறையிலேயே. மறதியா, சோடா வேகமா, பேச்சிமுத்து வழக்கம்போல் மணப்பெண்ணைக் கிணற்றில் தள்ளினார்.

"ஏண்ணே, என்னைய எதுக்குக் கெணத்துல தள்ளுனீக?"

முன்வரிசையில் எழுந்து நின்றவள் ஒச்சாண்டியின் மனைவி ராக்கம்மாள். இடுப்பில் பிள்ளை. கூட்டம் சிரித்து உருண்டது. மெம்பர் பேனாவை மூடினார். பேச்சிமுத்து சோடாவுக்குக் கை நீட்டினார். பாவம், அவர் இத்தனை நாள் அலைந்தது அந்தப் பேனாவுக்காகத்தானே!

"நான் சாகலைங்கய்யா," என்றாள் அவள் மெம்பரிடம். "எங்க வீட்டுக்காரவுக இம்புட்டு நேரம் இங்கனதான் நின்னாக. பொழுது சாயவும் ரேகை வைக்க ஓடிட்டாக. ராத்திரி புள்ளைக்குக் காச்ச அடிச்சா, நான் ஒத்தையிலதான் தூக்கிட்டு ஓடணும். அம்புட்டுத்தான்."

ஒரு மூக்கும் சிந்தவில்லை. மெம்பர் திரும்பிப் பார்த்தார். ஆண்கள் நின்ற பக்கம் பாதி காலி. பேனா மறுபடி திறந்தது.

பேச்சிமுத்து திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த கூட்டம் கெங்குவார்பட்டியில். ராக்கம்மாள் சிங்கம்போலச் சீறினாளாம், மெம்பர் மேடையிலேயே விம்மி விம்மி அழுதாராம். சில வருஷத்தில் சட்டம் போயிற்று, ஒச்சாண்டி தன் வீட்டிலேயே குறட்டை விட்டார், நல்லதுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, இதை வீட்டில் போய்ச் சொல்லும்போது ராக்கம்மாளின் கண்ணில் எந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் வைக்கலாம் என்று உங்கள் மனசு இப்போதே இடம் பார்க்கவில்லையா?